உரக்கடை மாடியில் ஒரு கல்லூரி: உள் ஒப்பந்தக் கல்வி என்றால் என்ன?

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகும் வழியில், ஓர் உரக்கடையின் மாடியில் தையல் வகுப்பு நடக்கிறது. மாடிப்படி ஓரம் கட்டியிருக்கும் பேனரில் மூன்று பெயர்கள். மேலே அரசுத் திட்டத்தின் பெயர். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு கல்லூரியின் பெயர். கீழே மூலையில், கிட்டப் போனால்தான் தெரிகிற அளவில், ஒரு பயிற்சி நிறுவனத்தின் பெயர். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அக்கா அந்த வகுப்பில் சேர்ந்த மறுநாள் காலை, பாலை அளந்துகொண்டே கேட்டார்: "சார், நான் காலேஜ்ல சேர்ந்திருக்கேன்னு சொல்லிக்கலாமாங்க?"

அவர் எட்டாவதோடு நின்றவர். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். "தாராளமா சொல்லிக்கங்க" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அது நியாயமான சந்தேகம். பணம் தருவது ஒருவர், பெயர் போடுவது ஒருவர், பாடம் நடத்துவது இன்னொருவர் என்றால், இவர் படிப்பது யாரிடம்? இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் உண்டு, வரலாறு உண்டு, சில நாடுகளில் தடித்த விதிப்புத்தகமே உண்டு. அன்று தூக்குப் பாத்திரத்தோடு நின்றவரிடம் சொல்ல முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் சுருக்கம். பெரியவர்கள் படிக்கவோ தொழில் கற்கவோ அரசு பணம் ஒதுக்குகிறது. அந்தப் பணம் ஒரு கல்லூரிக்குப் போகிறது. கல்லூரி தன் ஆசிரியர்களை வைத்து நடத்தாமல், வெளியில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனத்தைக் கூப்பிட்டு, "நீங்கள் நடத்துங்கள், தலைக்கு இவ்வளவு தருகிறோம்" என்கிறது. ரோடு வேலையில் சப்-காண்ட்ராக்ட் என்கிறோமே, அதே சங்கதி. எழுத்துத் தமிழில் உள் ஒப்பந்தம், துணை ஒப்பந்தம் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். நான் உள் ஒப்பந்தம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ரோடு உதாரணம் பாதி தூரம்தான் வரும். ரோடு கண்ணுக்குத் தெரியும். ஒரு மழைக்குப் பெயர்ந்தால் ஊரே பேசும். படிப்பு அப்படியில்லை. அதனால் கல்யாணச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் சமையலை இலைக்கு இவ்வளவு என்று பேசி விடுவார்கள். பேசுவது ஒரு சமையல் மாஸ்டரிடம். அவர் இனிப்பை ஒருவரிடம் கொடுப்பார், பரிமாறுவதற்கு வேறொரு குழுவைக் கூட்டி வருவார், பாத்திரம் கழுவ இன்னொரு ஆள். பெண் வீட்டாருக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரிந்தால் போதும். அப்புறம் இலைக் கணக்கு. எத்தனை இலை விழுந்ததோ அதற்குத்தான் காசு. அதனால்தான் எல்லாக் கல்யாணத்திலும் ஒரு பெரியப்பா பந்தியில் உட்காராமல், இலைக்கட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார்.

உள் ஒப்பந்தக் கல்வியில் எழும் அத்தனை வம்பும் இந்த இரண்டில் அடங்கிவிடும். யாரைக் கேட்பது? எதை எண்ணுவது?

ஏன் வெளியே கொடுக்கிறார்கள்?

"கல்லூரிக்கு நடத்தத் துப்பில்லை, அதனால் தள்ளிவிடுகிறார்கள்" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் வரைபடத்தை ஒரு முறை பார்த்தால் காரணம் புரியும்.

வத்தல்மலையிலோ சித்தேரியிலோ இருக்கும் ஒரு பெண், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ள தினமும் தருமபுரிக்கு இறங்கி வர முடியாது. தளி, கெலமங்கலம் பக்கம் போனால் வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். அங்கே தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க, அந்த மொழியும் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும். கிருஷ்ணகிரியில் மாங்காய்ப் பருவம் வந்து மாங்கூழ் ஆலைகளில் வேலை சூடுபிடித்துவிட்டால் வகுப்பறை காலி. பென்னாகரம் பக்கத்து ஆட்கள் கட்டட வேலைக்கு பெங்களூரு போனால் பண்டிகைக்குத்தான் திரும்புவார்கள். காலை பத்து மணிக்கு மணியடித்துத் தொடங்கும் கல்லூரியால் இவர்கள் யாரையும் எட்டிப் பிடிக்க முடியாது. உள்ளூரில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனமோ, ஒரு சின்னப் பயிற்சி மையமோ சாயங்காலம் ஏழு மணிக்கு ஊர்ச் சாவடியில் வகுப்பு வைக்கும். கல்லூரியிடம் அரசு அங்கீகாரம், கணக்கு எழுதும் ஆள், தேர்வு நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. மையத்திடம் ஆள் பழக்கம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நல்லதுதானே?

நல்லதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டை ஒட்டி இருந்தபோது தருமபுரி மாவட்டத்தில் 68.5, மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரியில் 71.5. 2004 பிப்ரவரி வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். இப்படிப்பட்ட இடத்தில், கட்டடம் விட்டு வெளியே வந்து படிப்பைக் கொண்டுபோகிறவர் யாராக இருந்தாலும் வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் வெளியே கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆண்டு முடியப் போகிறது. ஒதுக்கிய பணம் செலவாகவில்லை. செலவாகாவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள். அப்போது "முப்பது பேரைக் காட்டினால் போதும்" என்று ஒருவரைத் தேடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பேனர்தான்.

இங்கிலாந்தில் நடந்தது

கல்லூரிகளே உள் ஒப்பந்தம் விடும் வழக்கம் நன்றாக வேர்விட்ட ஓர் இடம் இங்கிலாந்து. அங்கே பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஒரு வகைக் கல்லூரி உண்டு. நம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், முதியோர் கல்வி மையம் மூன்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. 1993 ஏப்ரலில் இந்தக் கல்லூரிகள் உள்ளாட்சி அமைப்புகளின் பிடியிலிருந்து பிரிந்து தனி அமைப்புகளாயின. மாணவர் சேர்க்கையை ஒட்டிப் பணம்; கூடுதலாகச் சேர்த்தால் கூடுதல் பணம். உள்ளே இடம் இல்லையென்றால் வெளியே சேர்க்கலாம் என்று ஆனது. அதற்கு அப்போது வைத்த பெயர் பிரான்சைஸ். கல்லூரி ஓர் ஊரில், அதன் பெயரில் வகுப்பு சம்பந்தமே இல்லாத இன்னோர் ஊரில் என்று 1990-களின் நடுவில் அது பரவியது. சில இடங்களில் கணக்கில் இருந்த மாணவர்களைத் தேடவேண்டிய நிலை வந்தது. இலைக்கட்டுக்குப் பக்கத்தில் பெரியப்பா இல்லை.

இன்று அங்கே 19 வயது நிரம்பியவர்களின் படிப்புக்கென்று ஒரு பொது நிதி இருக்கிறது. 2016-லிருந்து ஒரு பெயரில் இருந்தது, 2024 ஆகஸ்டிலிருந்து வயது வந்தோர் திறன் நிதி என்று பெயர் மாறியது. எழுதப் படிக்க, கணக்குப் போட, கணினி தொட, வேறு நாட்டிலிருந்து வந்தவர் ஆங்கிலம் பேசப் பழக, எல்லாம் இதில் அடக்கம். கல்லூரி இந்தப் பணத்தை வாங்கி, ஒரு பகுதியைச் சின்னப் பயிற்சி நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். கொடுக்கும் முன் தனக்கென்று ஒரு தொகையை எடுத்துவைத்துக்கொள்ளும். மேலாண்மைக் கட்டணம் என்று பெயர். 100 பவுண்டு வந்தால் 20 பவுண்டை நிறுத்திக்கொள்வது சகஜமாக இருந்தது, அதற்கு மேல் போனதும் உண்டு.

எடுப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். போய்ப் பார்க்க ஆள் வேண்டும், தேர்வு வேண்டும், கணக்கு வேண்டும். ஆனால் 20 பவுண்டுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கும்போது பதில் வர வேண்டும். 2020 வாக்கில் அந்நாட்டு அரசு இதைக் கறாராகக் கேட்கத் தொடங்கியது. இப்போதுள்ள விதிகளில் நான்கைந்தைச் சொன்னாலே பழைய காயம் எங்கே என்று தெரியும். எவ்வளவு நிறுத்திக்கொள்கிறோம், எதற்காக என்பதைக் கல்லூரி எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வெளியே கொடுப்பதற்குக் கல்வி சார்ந்த காரணம் காட்ட வேண்டும்; பணத்தைச் செலவழித்துக் காட்டுவதற்காகக் கொடுக்கக் கூடாது. ஆண்டுக்கு 1 லட்சம் பவுண்டுக்கு மேல் உள் ஒப்பந்தம் விட்டால் வெளி ஆள் வந்து சோதிப்பார். வகுப்பு யார் நடத்தினாலும் மாணவருக்கு முழுப் பொறுப்பு பணம் வாங்கிய கல்லூரிதான். எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது இன்னொன்று: உள் ஒப்பந்தம் எடுத்தவர் அதை மறுபடி இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. ஒரே படி. அத்தோடு நிறுத்து.

விதி இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று அங்கேயும் நடக்கவில்லை. லேர்ன்டைரக்ட் என்று ஒரு பெரிய பயிற்சி நிறுவனம். பல உள் ஒப்பந்தக்காரர்களை வைத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி நடத்தியது. 2017-ல் கல்வித் தர ஆய்வு அமைப்பான ஆப்ஸ்டெட் அதற்குக் கடைசி மதிப்பெண்ணான 'போதாது' என்பதைக் கொடுத்தது. அறிக்கை வெளியே வராமல் தடுக்க அந்த நிறுவனம் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்த மதிப்பெண் உள் ஒப்பந்தக்காரர்கள் பெயரில் விழவில்லை, பணம் வாங்கியவர் பெயரில் விழுந்தது. கல்யாண வீட்டில் பரிமாறும் பையனைத் திட்டாமல் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்பது போல.

இங்கே எப்படி எண்ணுகிறார்கள்?

நம் நாட்டில் கல்லூரி இருக்கும் இடத்தில் பெரும்பாலும் வேறு அமைப்புகள் இருக்கின்றன. மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பி.எம்.கே.வி.ஒய். 2015 ஜூலையில் தொடங்கியது. அதில் நடுவில் நின்றது 2008-ல் உருவான தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம். அது அரசும் தனியாரும் பங்கு வைத்திருக்கும் அமைப்பு. மாநிலத்தில் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் வெளிப் பயிற்சி நிறுவனங்கள் கல்லூரிக்குள்ளேயே வந்து பாடம் எடுக்கின்றன. ஆக, உருவம் கொஞ்சம் மாறும். பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், அங்கிருந்து வகுப்பறைக்கு வருவது மட்டும் மாறாது.

இலைக் கணக்கை இங்கே மணிக்கணக்காக்கி வைத்திருக்கிறார்கள். 2015-ல் மத்திய அரசு எல்லாத் திறன் திட்டங்களுக்கும் பொதுவான செலவு விதிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. தொழில்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 38 ரூபாய் 50 காசு, 33 ரூபாய், 27 ரூபாய் 50 காசு என்று விலை வைத்தது. இயந்திரச் செலவு அதிகமுள்ள தொழிலுக்குக் கூடுதல். பிறகு இந்த விலை ஏறிவிட்டது, இருந்தாலும் கணக்குப் புரிய அந்த 33 ரூபாயையே எடுத்துக்கொள்வோம்.

300 மணி நேரப் படிப்பு, 30 பேர் கொண்ட ஒரு பேட்ச். 33-ஐ 300-ஆல் பெருக்கினால் ஒருவருக்கு 9,900 ரூபாய். 30 பேருக்கு 2,97,000. இதை மொத்தமாகக் கொடுத்துவிட மாட்டார்கள். பி.எம்.கே.வி.ஒய். இரண்டாம் கட்டத்தில் வகுப்பு தொடங்கியதும் 30 விழுக்காடு, மாணவர் தேர்வாகிச் சான்றிதழ் வாங்கியதும் 50, வேலையில் சேர்ந்ததும் 20 என்று பிரித்திருந்தார்கள். நம் கணக்கில் 89,100, பிறகு 1,48,500, கடைசியில் 59,400.

பார்த்தால் நல்ல ஏற்பாடு மாதிரிதான் இருக்கிறது. சேர்த்துவிட்டு ஓடிவிட முடியாது, வேலை வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. சென்டர் நடத்துகிறவர் இடத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் வேறு ஒன்று தெரிந்தது. பாதிப் பணம் சான்றிதழில் இருக்கிறது. அப்படியானால் கண்டிப்பாகத் தேறக்கூடியவரைச் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். பன்னிரண்டாவது முடித்த பெண் வந்தால் சந்தோஷம். கையெழுத்துப் போடவே தடுமாறும் ஐம்பது வயதுக்காரர் வந்தால், "அடுத்த பேட்ச்ல பார்க்கலாம்மா." கடைசி 20 விழுக்காடு வேலையில் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டுக்குப் போய் விடுதியில் தங்கத் தயாரான இளைஞர் லாபம். மாட்டையும் மாமியாரையும் விட்டு நகர முடியாத எங்கள் பால்கார அக்கா நஷ்டம். யாரும் கெட்டவர் இல்லை. கணக்கு அப்படிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆக, எழுத்தறிவில் கடைசியில் நிற்கும் மாவட்டத்துக்கு இந்தத் திட்டம் வந்தால், அங்கேயும் ஏற்கெனவே கொஞ்சம் முன்னால் நிற்பவரைத்தான் தேடிப் பிடிக்கும். யாருக்காகப் பணம் ஒதுக்கினார்களோ அவர் வாசலிலேயே நிற்பார். உள் ஒப்பந்தத்தில் நடக்கும் திருட்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஒரு பைசா திருடாமல், விதியை ஒழுங்காகப் பின்பற்றியே நடக்கிற இந்த வடிகட்டலைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை.

திருட்டும் இல்லாமல் இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை பி.எம்.கே.வி.ஒய். தரவுகளைத் தோண்டிப் பார்த்தது. தணிக்கை செய்த பதிவுகளில் 94 விழுக்காட்டுக்கும் மேல் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் காலி, அல்லது பூஜ்ஜியம். எண் இருந்த சில இடங்களில் வரிசையாக ஒன்று ஒன்றாக அடித்து வைத்திருந்தார்கள். ஒரே புகைப்படம் வேறு வேறு ஆட்களுக்கு ஒட்டப்பட்டிருந்தது. இலையை எண்ணும் பெரியப்பா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

படி கூடினால் என்ன ஆகும்?

நான் பல வருடங்களுக்கு முன் கிருஷ்ணகிரியில் இப்படி ஒரு மையத்தில் கணினி அடிப்படை சொல்லிக்கொடுத்தேன். எந்த மையம் என்பது இப்போது முக்கியமில்லை. திட்டத்தைப் பெற்றது ஒரு கல்வி நிறுவனம். அது சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. அந்தக் கம்பெனி உள்ளூரில் ஒருவருக்குக் கொடுத்தது. அவர் என்னை மணிக்கு இவ்வளவு என்று கூப்பிட்டார். சம்பளம் மூன்று மாதம் தள்ளித்தான் வரும். கேட்டால், "மேலேர்ந்து வரல சார்." மேலே யார் என்று அவருக்கும் தெளிவாகத் தெரியாது. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் பக்கத்து பேட்சிலிருந்து பத்துப் பேரைக் கூட்டி வந்து என் வகுப்பில் உட்கார வைப்பார்கள். அவர்கள் தையல் படிப்பவர்கள். விசைப்பலகை மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன். வாடகை கட்ட வேண்டியிருந்தது.

மேலே போட்ட கணக்கையே தொடர்வோம். 2,97,000 ரூபாயில் முதல் ஆள் 20 விழுக்காடு எடுத்தால் 2,37,600 கீழே இறங்கும். இரண்டாவது ஆள் அதில் 20 எடுத்தால் 1,90,080. மூன்றாவது படியும் இருந்தால் 1,52,064. இதில்தான் மாடி வாடகை, கரண்ட் பில், துணி, நூல், இயந்திரப் பழுது, 300 மணி நேரத்துக்கு ஆசிரியர் சம்பளம் எல்லாம். மொபிலைசர் என்று ஒருவர் உண்டு, ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பவர். அவருக்கும் தலைக்கு இவ்வளவு. மூன்று படி இறங்கியதும் வகுப்பறைக்கு வந்து சேர்வது பாதிதான். அரசு புத்தகத்தில் முழுத்தொகை செலவாகியிருக்கும். படிகள் கூடக் கூடக் காசு மட்டும் கரைவதில்லை, கேள்வி கேட்க வேண்டிய ஆளும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். அதனால்தான் இங்கிலாந்தின் 'ஒரே படி' விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

நமக்கும் இதில் சூடுபட்ட அனுபவம் உண்டு. தொலைநிலைக் கல்வி ஸ்டடி சென்டர்கள் நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒன்று, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒன்று என்று எங்கோ இருக்கும் பல்கலைக்கழகங்களின் பெயர்ப் பலகைகள். சேர்ப்பது, கட்டணம் வாங்குவது, புத்தகம் கொடுப்பது எல்லாம் கடைக்காரர். பல்கலைக்கழகத்தை மாணவர் கண்ணால் பார்ப்பது மார்க் ஷீட்டில் மட்டும். 2017-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. கொண்டுவந்த தொலைநிலைக் கல்வி விதிமுறைகள் பிரான்சைஸ் முறையில் படிப்பு நடத்துவதைத் தடை செய்தன. பட்டப் படிப்புக்கு அந்தக் கதவை மூடினார்கள். குறுகிய காலத் திறன் பயிற்சி வேறு சட்டகத்தில் நடப்பதால் அந்தத் தடை அதற்குப் பொருந்தாது.

காசே இடையில் போகாத ஒரு வழியும் இருக்கிறது. 2022 முதல் 2027 வரைக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு மொத்தம் 1,037.90 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். அறிவொளி இயக்கக் காலத்தின் வாசம் அடிக்கும் ஏற்பாடு. தலைக்கு இவ்வளவு என்ற பேச்சே இல்லாததால் ஆளை வடிகட்டும் ஆசை குறைவு. ஆனால் தன்னார்வலருக்கு வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டால் வகுப்பும் நின்றுபோகும்.

சேரும் முன் என்ன கேட்கலாம்?

பேனரில் இருக்கும் கல்லூரிக்கு ஒரு போன் போடுங்கள். "இந்த ஊரில், இந்த மாடியில், உங்கள் பெயரில் வகுப்பு நடக்கிறதா? இதைப் பார்த்துக்கொள்வது உங்களில் யார்?" இரண்டே கேள்வி. உண்மையான உள் ஒப்பந்தமாக இருந்தால் அங்கே ஒருவருக்கு இந்த மையத்தின் பெயர் தெரிந்திருக்கும். "தெரியலையே, யார்கிட்டயோ கேட்டுச் சொல்றோம்" என்றால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

சான்றிதழில் யார் கையெழுத்து வரும், தேர்வு வைப்பது யார் என்று மையத்தில் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவரே தேர்வும் வைத்துத் தேர்ச்சியும் போட்டால் அந்தத் தாளுக்குக் கம்பெனி வாசலில் மதிப்பு இருக்காது. அரசுப் பணத்தில் நடக்கும் இலவச வகுப்பில் சேர்க்கைக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சர்டிபிகேட் காசு என்று யாராவது கை நீட்டினால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு கை உள்ளே போய்விடும்.

ஆதார் விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்பத் தாராளம். நகலைக் கேட்டதும் கொடுக்கிறோம், விரலை வைக்கச் சொன்னதும் வைக்கிறோம், போனில் வரும் ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்கிறோம். அந்த ஒவ்வொரு கைரேகையும் ஒவ்வொரு ஓ.டி.பி.யும் ஓர் இலை. நீங்கள் உட்காராத பந்தியில் உங்கள் பெயரில் இலை விழாமல் இருக்க வேண்டுமென்றால், எந்தப் படிப்புக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்கிக்கொண்டு விரலை வையுங்கள். ஆதார் நகலின் மேல் குறுக்கே "தையல் வகுப்புக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுவது நல்ல பழக்கம்.

அரசுக் கல்லூரியோ அரசுத் துறையோ நடுவில் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் செலவில் ஒரு மனு. பயிற்சி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல், ஒரு மாணவருக்கு எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு நிறுத்திக்கொண்டு எவ்வளவு கொடுத்தார்கள், யார் எப்போது ஆய்வுக்குப் போனார்கள் என்று கேட்கலாம். தனியார் மையத்திடம் நேரடியாகக் கேட்டால் பதில் வராது. அவர்களோடு போட்ட காகிதம் கல்லூரியின் கோப்பில் இருக்கிறதே, அதைக் கேட்கலாம்.

இவ்வளவையும் ஒரேயடியாகச் சொல்லாமல், கல்லூரிக்குப் போன் போடும் விஷயத்தை மட்டும் பால்கார அக்காவிடம் சொல்லி, நம்பரையும் கொடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவரே பேச்சை எடுத்தார். வகுப்பு சாயங்காலம் நாலரை வரை போகிறதாம். சொசைட்டியில் மாலைப் பால் ஊற்ற நாலு மணிக்கு நிற்க வேண்டும். அதனால் மூன்றரைக்குள் முடிக்கச் சொல்லிச் சென்டர்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் முடியாது என்றாராம். அக்கா விடவில்லை, நான் கொடுத்த நம்பரைக் காட்டி, "அப்ப நான் இவங்ககிட்ட பேசிக்கிறேன்" என்றிருக்கிறார்.

"அப்புறம்?"

"பேச வேணாம், நானே காலேஜ்ல கேட்டுச் சொல்றேன்னாருங்க. நேத்திலேர்ந்து மூணரைக்கே விட்டுடறாங்க." அளவுப் படியைக் கவிழ்த்து உதறிவிட்டு என்னைப் பார்த்தார். "அவரே காலேஜ்ல கேக்கணுமாம். அப்ப அது காலேஜுதானே சார்?"